சவலைப் பிள்ளையின் வைத்தியர்

சாதாரண தரத்துக்கு விஞ்ஞானம் படித்தவர்களுக்கு குவாஷியோர்கர், மராஸ்மஸ் என்ற இரண்டு சொற்களும் மறந்திருக்காது. புரதக் குறைபாட்டால் வருவது முதலாவது, புரதமும் சக்தியும் சேர்ந்து குறைவதால் வருவது இரண்டாவது என்று பாடமாக்கி எழுதினோம், புள்ளி கிடைத்தது. அந்த முதலாவது சொல் எந்த மொழியைச் சேர்ந்தது, அது எப்படி மருத்துவ நூல்களுக்குள் வந்தது என்று வகுப்பில் யாரும் சொன்னதில்லை. பல வருடங்களுக்குப் பிறகு மந்தபோசணை பற்றிய ஒரு கட்டுரைக்காக வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் நான் அதைத் தெரிந்துகொண்டேன்.

அது கானா நாட்டின் கரையோரத்தில் வாழும் கா மக்களின் சொல். அடுத்த பிள்ளை பிறந்ததும் தாயின் மடியிலிருந்து இறக்கிவிடப்பட்ட பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். வாசித்தவுடன் எனக்கு நினைவுக்கு வந்தது எங்கள் பழைய ஆட்கள் சொல்லும் சவலைப் பிள்ளைதான். தாய் மறுபடி கர்ப்பமானதால் பால் மறக்கடிக்கப்பட்டு, மெலிந்து, எந்நேரமும் சிணுங்கிக்கொண்டிருக்கும் பிள்ளையைச் சவலை என்பார்கள். ஒன்றையொன்று அறியாத இரண்டு சமூகங்களின் தாய்மார் ஒரே விசயத்தைக் கண்டு, ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

கா மக்களின் அந்தச் சொல்லை உலக மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் சிசிலி டெல்பின் வில்லியம்ஸ் என்ற பெண் வைத்தியர். மற்றவர்களின் பிள்ளைகளில் பசியைப் படித்தவர், பின்னர் போர்க்காலச் சிறையில் அதைத் தன் உடம்பிலேயே அனுபவித்தார். பசியையும் முற்றுகையையும் முகாமையும் கண்ட எங்கள் சனங்களுக்கு அவருடைய வாழ்க்கை தெரிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

1893 டிசெம்பர் 2ஆம் திகதி ஜமெய்க்காவின் வெஸ்ட்மோர்லண்ட் பகுதியில் அவர் பிறந்தார். பல தலைமுறைகளாக அந்தத் தீவில் வாழ்ந்த தோட்டத்துரைமார் குடும்பம் அது. படிப்புக்காகப் பதின்மூன்று வயதளவில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். ஒக்ஸ்போர்டில் சோமர்வில் கல்லூரியில் இடம் கிடைத்தும், வீட்டு நிலைமை காரணமாக அதை விட்டுவிட்டுப் பெற்றோருக்கு உதவத் தீவுக்குத் திரும்பினார். 1916இல் தந்தை இறந்த பிறகே மறுபடி ஒக்ஸ்போர்ட் போகமுடிந்தது. முதலாம் உலகப் போருக்கு இளைஞர்கள் போய்விட்டதால் மருத்துவ வகுப்புகளில் ஆண்கள் குறைந்திருந்த காலம். அந்த இடைவெளியால்தான் பெண்களுக்குக் கதவு கொஞ்சம் திறந்தது. 1923இல் வைத்தியரானார்.

போர் முடிந்து ஆண்கள் திரும்பிவிட்டதால் பெண் வைத்தியர்களுக்கு வேலை கிடைப்பது கடினமாக இருந்தது. கிழக்கு லண்டனின் ஹக்னியில் ஒரு சிறுவர் வைத்தியசாலையில் வேலை செய்தார். ஒரு பிள்ளையின் வீடு எப்படி இருக்கிறது, அங்கே என்ன சமைக்கிறார்கள், யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று தெரியாமல் அந்தப் பிள்ளையைக் குணப்படுத்த முடியாது என்பதை அவர் அங்கே கற்றுக்கொண்டார். பிறகு கிரேக்கத்தில் சலோனிக்காவில் அகதிகள் மத்தியில் பணிபுரிந்தார். வெப்பமண்டல நோய்கள் பற்றிய படிப்பையும் முடித்துக்கொண்டு, 1929இல் பிரித்தானியக் குடியேற்ற மருத்துவ சேவையில் சேர்ந்து அன்றைய கோல்ட் கோஸ்ட்டுக்கு, அதாவது இன்றைய கானாவுக்குப் போனார்.

தலைநகர் அக்ராவில் பிரின்சஸ் மேரி லூயிஸ் சிறுவர் வைத்தியசாலையில் ஒரே வகையான பிள்ளைகள் திரும்பத் திரும்ப வருவதை அவர் கவனித்தார். வயது பெரும்பாலும் ஒன்றுக்கும் நான்குக்கும் இடையில். கால்களும் கைகளும் வீங்கியிருக்கும். வயிறு முன்தள்ளியிருக்கும். கறுத்த முடி செம்பட்டையாகி, இழுத்தால் கையோடு வரும். தோல் கருகியதுபோல் திட்டுத் திட்டாக உரியும். பிள்ளை சிரிக்காது, விளையாடாது, சாப்பாட்டைக் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வீக்கத்தால் முகம் கொழுகொழுவென்று தெரிவதால் பார்ப்பவருக்குப் பட்டினி என்று தோன்றாது. ஆனால் சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் இறந்துவிடும்.

இறந்த பிள்ளைகளின் உடல்களை அவரே பிரேத பரிசோதனை செய்தார். ஈரல் வீங்கி, கொழுப்பு நிறைந்து கிடந்தது. அந்த வேலையின்போது தொற்றிய கிருமியால் அவரும் சாவின் விளிம்புக்குப் போய் மீண்டார். தாய்மாரிடம் விசாரித்தபோது கதை ஒரேமாதிரியாக இருந்தது. அடுத்த பிள்ளை வயிற்றில் வந்ததும் அல்லது பிறந்ததும் மூத்ததற்குப் பால் நிறுத்தப்படும். அதன்பிறகு அதற்குக் கிடைப்பது பெரும்பாலும் சோளமாக் கஞ்சி மட்டுமே. சோளத்தில் மாப்பொருள் இருக்கிறது. ஆனால் உடல் தானாக உருவாக்க முடியாத லைசின், டிரிப்டோபன் ஆகிய அமினோ அமிலங்கள் அதில் மிகக் குறைவு. வயிறு நிரம்பும், உடல் கட்டப்படாது.

1933இல் இதை ஒரு மருத்துவ சஞ்சிகையில் எழுதினார். சோள உணவோடு தொடர்புடைய, குழந்தைகளின் போசாக்கு நோய் என்று அடையாளப்படுத்தி, புரதம் சார்ந்த குறைபாடு காரணமாக இருக்கலாம் என்றும் குறிப்பிட்டார். ஆபிரிக்க மருத்துவத்தில் பேர்பெற்றிருந்த ஸ்டன்னஸ் என்ற வைத்தியர் இதை ஏற்கவில்லை. இது ஏற்கனவே தெரிந்த பெலக்ரா என்ற விற்றமின் குறைபாட்டு நோய்தான் என்றார். பெலக்ராவில் தோல் மாற்றம் வெயில் படும் இடங்களில் வரும், தான் பார்த்த பிள்ளைகளில் அப்படியில்லை என்பது வில்லியம்ஸின் வாதம். 1935இல் லான்செட் சஞ்சிகையில் இரண்டாவது கட்டுரையை எழுதியபோது, அந்த நோய்க்கு கா தாய்மார் வைத்திருந்த பெயரையே தலைப்பில் போட்டார்.

ஊடகத்தில் வேலை செய்பவள் என்ற வகையில் இந்த இடம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கண்டுபிடித்தவரின் பெயரை நோய்க்குச் சூட்டுவது வழக்கமாக இருந்த காலம் அது. லத்தீனிலோ கிரேக்கத்திலோ ஒரு சொல்லைத் தேடியிருக்கலாம். மராஸ்மஸ் என்பதே வாடிப்போதல் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்தான். அது உடம்பு எப்படித் தெரிகிறது என்பதை மட்டும் சொல்கிறது. கா மக்களின் சொல்லோ உடம்பைப் பற்றி எதுவும் சொல்லாமல், அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்கிறது. நோயின் காரணத்தைத் தாய்மார் ஏற்கனவே தெரிந்து வைத்திருந்தார்கள். வில்லியம்ஸ் அவர்களிடம் கேட்டார் என்பதுதான் வித்தியாசம்.

சாப்பாடு குறையும்போது பிள்ளையின் உடம்பில் என்ன நடக்கிறது என்பதை இங்கே கொஞ்சம் விளக்கவேண்டும். ஈரலில் சேமித்த சர்க்கரை ஒரு நாளைக்கே போதாது. அதன்பின் உடல் தன் கொழுப்பை எரிக்கும், கூடவே தசையையும் கரைக்கும். மூளைக்குச் சக்தி போக வேண்டும் என்பதற்காக மற்ற எல்லாவற்றிலும் உடல் சிக்கனம் பிடிக்கும். இதயம் சுருங்கி மெதுவாகத் துடிக்கும். உடல் வெப்பம் குறையும். வளர்ச்சி நின்றுவிடும். குடலின் உட்சுவர் மெலிந்து, கிடைக்கும் கொஞ்ச உணவையும் உறிஞ்ச முடியாமல் போகும். எலும்பும் தோலுமாக, கிழவரின் முகத்தோடு இருக்கும் மராஸ்மஸ் பிள்ளை, உண்மையில் உயிரைக் காப்பாற்றத் தன்னையே தின்றுகொண்டிருக்கும் பிள்ளை.

குவாஷியோர்கரில் அந்தச் சிக்கன ஏற்பாடு குலைந்துவிடுகிறது. குருதியில் நீரைப் பிடித்துவைக்கும் அல்புமின் என்ற புரதம் குறைகிறது, கலச் சுவர்கள் பழுதடைகின்றன, நீர் திசுக்களுக்குள் கசிந்து வீக்கமாகிறது. கொழுப்பை ஈரலிலிருந்து வெளியேற்றத் தேவையான புரதம் இல்லாததால் அது ஈரலிலேயே தேங்குகிறது. ஆனால் நாங்கள் பாடமாக்கியதுபோல் இது வெறும் புரதக் கணக்கு அல்ல என்பதும் இப்போது தெரிந்திருக்கிறது. மலாவி நாட்டில் இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்யப்பட்டு 2013இல் வெளியான ஆய்வில், ஒரே வீட்டில் ஒரே சாப்பாடு சாப்பிட்டும் ஒரு பிள்ளைக்கு மட்டும் குவாஷியோர்கர் வந்ததும், குடலில் வாழும் நுண்ணுயிர்களின் வேறுபாட்டுக்கு அதில் பங்கிருப்பதும் காட்டப்பட்டது. தொற்று, வயிற்றோட்டம், அசுத்தமான நீர் எல்லாம் சேர்ந்தே அந்தப் பிள்ளையை வீழ்த்துகின்றன.

மேலதிகாரியுடன் முரண்பட்டதைத் தொடர்ந்து 1936இல் வில்லியம்ஸ் மலாயாவுக்கு இடமாற்றம் செய்யப்பட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகம் பார்க்கப் போனவர்களும், தமிழ்நாட்டிலிருந்து றப்பர் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களும் வாழ்ந்த அதே மலாயா. சிங்கப்பூரில் அவர் கண்டது வேறுவகைப் பசி. நிறுவனங்கள் பெண்களைத் தாதிமார்போல் உடுத்தி ஏழைகளின் குடியிருப்புகளுக்கு அனுப்பி, டின்னில் வரும் இனிப்பூட்டிய கட்டிப்பால் தாய்ப்பாலுக்குச் சமம் என்று சொல்லவைத்தன. அதை நம்பிய தாய்க்குத் தன் பால் வற்றிப்போகும். பிறகு டின் வாங்கக் காசு போதாது. பாலில் தண்ணீர் கூடும், அந்தத் தண்ணீரும் சுத்தமில்லை. பிள்ளை வயிற்றோட்டத்தில் வாடி இறக்கும்.

1939இல் சிங்கப்பூர் றோட்டரிக் கழகம் அவரைப் பேச அழைத்தது. பாலும் கொலையும் என்று தலைப்பு வைத்துக்கொண்டு அவர் பேசினார். குழந்தைக்குப் பொருந்தாத உணவை இலாபத்துக்காகப் பரப்புவதும் அதனால் நேரும் சாவும் விபத்தல்ல, அதைக் கொலையாகவே பார்க்கவேண்டும் என்பதே அந்தப் பேச்சின் சாரம். வியாபாரிகளும் கனவான்களும் நிறைந்த சபையில் இப்படிப் பேசியது சின்ன விசயமல்ல. தாய்ப்பாலுக்குப் பதிலான உணவுகளின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேசக் கோவையை உலக சுகாதார மாநாடு ஏற்றுக்கொண்டது 1981இல்தான். அவர் பேசி 42 வருடங்கள் கழித்து.

1941இல் அவர் மலாயாவின் வடகிழக்கில் திரெங்கானுவில் பணியிலிருந்தார். டிசெம்பரில் ஜப்பானியப் படை அதற்கு வடக்கே கோத்தபாருவில் தரையிறங்கியது. அவர் இடம்பெயர்ந்து சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூரும் விழுந்தது. பிரித்தானியக் குடிமக்களோடு அவரும் சாங்கி சிறைச்சாலையில் அடைக்கப்பட்டார். சுமார் 600 கைதிகளுக்குக் கட்டப்பட்ட சிறையில் ஆயிரக்கணக்கானவர்களை நெருக்கி அடைத்தார்கள். பெண்கள் பகுதியின் பொறுப்பாளர்களில் ஒருவராக அவர் இருந்தார்.

1943 செப்டெம்பரில் சிங்கப்பூர் துறைமுகத்தில் நேசப்படையின் கொமாண்டோக்கள் கப்பல்களைத் தகர்த்தார்கள். சிறைக்குள்ளிருந்து யாரோ தகவல் கொடுத்திருக்கிறார்கள் என்று ஜப்பானிய இராணுவப் பொலிஸான கெம்பெய்தாய் சந்தேகித்தது. ஒக்டோபர் 10ஆம் திகதி சாங்கியைச் சுற்றிவளைத்துச் சோதனையிட்டது. அதைத் தொடர்ந்து 57 பேர் விசாரணைக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள், 15 பேர் அதில் இறந்தார்கள். உண்மையில் கைதிகளுக்கும் அந்தத் தாக்குதலுக்கும் எந்தத் தொடர்பும் இருக்கவில்லை. கொண்டுபோகப்பட்ட சில பெண்களில் வில்லியம்ஸும் ஒருவர். சித்திரவதைக்கு உள்ளான ஆண்களோடு ஒரே கூட்டில், பட்டினியில், பல மாதங்கள் வைக்கப்பட்டிருந்தார். விசாரணை என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

போர் முடிந்த 1945இல் அவர் வயிற்றளைச்சலோடும் பெரிபெரியோடும் வைத்தியசாலையில் கிடந்தார். தீட்டிய வெள்ளை அரிசியையே நம்பி வாழ்பவர்களுக்குத் தயமின் என்ற விற்றமின் பி1 இல்லாமல் நரம்புகள் பழுதடைவதுதான் பெரிபெரி. பசியை உலகுக்கு விளக்கிய வைத்தியரின் பாதங்கள் அதன்பின் உயிருள்ளவரை மரத்தே இருந்தன. சிறையிலிருந்து அவர் கொண்டுவந்த இன்னொரு கணக்கும் உண்டு. முகாமில் 20 குழந்தைகள் பிறந்தன, 20 பேருக்கும் தாய்ப்பால் கொடுக்கப்பட்டது, 20 பேரும் உயிர் தப்பினார்கள். அரைப்பட்டினித் தாய்மாரால்கூட அது முடிந்தது என்பதை அவர் பிறகு திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னார்.

1948இல் உலக சுகாதார நிறுவனம் தொடங்கப்பட்டபோது அதன் தாய் சேய் நலப் பிரிவின் முதல் தலைவரானார். ஜெனீவாவின் மேசை அவருக்குச் சரிவரவில்லை. விரைவிலேயே தென்கிழக்காசிய வலயத்தின் தாய் சேய் நல ஆலோசகராக வந்தார். அன்றைய சிலோனும் அந்த வலயத்துக்குள்தான் இருந்தது. சிகிச்சையையும் தடுப்பையும் பிரிக்கக்கூடாது, பிள்ளையை நிறுக்கும் கிளினிக்கும் மருந்து கொடுக்கும் இடமும் ஒன்றாக, வீட்டுக்குக் கிட்ட இருக்கவேண்டும் என்பது அவர் வாழ்நாள் முழுக்க வற்புறுத்திய கருத்து. குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்து பிள்ளையின் நிறையைக் கேட்பது எங்களுக்குப் பழகிப்போன காட்சி. அப்படியொரு சேவை எல்லா நாட்டுத் தாய்க்கும் கிடைக்க வேண்டும் என்றுதான் அவர் வாதாடினார்.

அவருடைய கண்டுபிடிப்பு சிலரால் தவறான பக்கத்துக்கும் திருப்பப்பட்டது. 1950களிலும் 60களிலும் உலகின் பசிக்கு மருந்து புரதம்தான் என்று முடிவுகட்டி, புரத மாக்களையும் பால்மாவையும் உற்பத்தி செய்வதில் பெரும் பணம் செலவானது. 1974இல் டொனால்ட் மக்லாறன் என்ற ஆய்வாளர் அதைப் பெரும் புரதத் தோல்வி என்று விமர்சித்து எழுதினார். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இல்லாதது சோறே, மொத்த உணவே என்பது அவரது வாதம். வில்லியம்ஸும் நோயைப் புரதம் என்ற ஒரு சொல்லுக்குள் அடைக்க விரும்பியவரல்ல. வறுமை, அடுத்தடுத்த பிரசவம், தாய்க்கு அறிவுரை சொல்ல ஆளில்லாமை எல்லாம் அவருடைய பட்டியலில் இருந்தன.

இன்று கடும் மந்தபோசணையைக் கண்டறிய ஒரு சின்ன நாடா போதும். ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளையின் மேற்கையைச் சுற்றி அளந்து, 11.5 சென்றிமீற்றரிலும் குறைவாக இருந்தால் ஆபத்து. இரண்டு பாதங்களிலும் விரலால் அழுத்தினால் குழி விழும் வீக்கம் இருந்தாலும் அப்படித்தான். இப்படிப்பட்ட பிள்ளைக்கு அவசரப்பட்டு நிறையச் சாப்பாடு கொடுப்பதும் ஆபத்து. சுருங்கிய இதயம் தாங்காது, குருதியில் பொஸ்பேற்றும் பொற்றாசியமும் சட்டென்று விழுந்துவிடும். முதலில் சர்க்கரை வீழ்ச்சி, குளிர், தொற்று ஆகியவற்றைக் கவனித்து, இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக விசேட பாலுணவு கொடுப்பார்கள். இரும்புச் சத்தைக்கூட முதல் நாட்களில் கொடுக்கமாட்டார்கள். பசி திரும்பிய பிறகே முழு உணவு. வேறு சிக்கல் இல்லாத பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கொடுக்கக்கூடிய கச்சான் பசை உணவும் 1990களின் பிற்பகுதியிலிருந்து வந்திருக்கிறது.

ஆனால் இந்த நாடாவும் பசையும் போய்ச் சேரமுடியாத இடங்கள் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் இருந்தவர்கள் நாங்கள். 2008 செப்டெம்பரில் ஐ.நா.வும் தொண்டு நிறுவனங்களும் கிளிநொச்சியை விட்டு வெளியேறின. வன்னியில் எஞ்சியிருந்த மக்களின் தொகையை அரசு குறைத்துக் காட்டியதையும், அதனால் உணவும் மருந்தும் குறைந்ததையும் ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் தன் அறிக்கையில் பதிவுசெய்தது. ஒவ்வொரு மே மாதமும் நாங்கள் காய்ச்சிக் குடிக்கும் முள்ளிவாய்க்கால் கஞ்சி அந்தப் பசியின் நினைவுதான். அரிசியும் உப்பும் தண்ணீரும் சேர்ந்த கஞ்சி உயிரைப் பிடித்துவைத்தது உண்மை. ஆனால் ஒரு சின்னப் பிள்ளையின் வயிறு கொள்ளும் அளவு நீர்க்கஞ்சியில் அதற்குத் தேவையான சக்தியும் இருக்காது, புரதமும் இருக்காது.

பசியால் நேரும் சாவு பெரும்பாலும் பசி என்ற பெயரில் பதிவாவதில்லை. பலவீனமான பிள்ளையை வயிற்றோட்டமோ சின்னமுத்தோ நியுமோனியாவோ கொண்டுபோகும். எதிர்ப்புச் சக்தி அவ்வளவு தாழ்ந்திருப்பதால் காய்ச்சல்கூட வெளியே தெரியாது. பத்திரத்தில் அந்தக் கடைசி நோயின் பெயர் எழுதப்படும், கணக்கிலிருந்து பசி விடுபடும். தப்பிப் பிழைத்தவர்களிலும் அது முடிந்துவிடுவதில்லை. 1944 - 45 குளிர்காலத்தில் நாஸிகளின் தடையால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினி கிடந்தது. அப்போது கருவில் இருந்தவர்களுக்கு நடுவயதில் நீரிழிவு போன்ற நோய்களின் ஆபத்து கூடியிருந்ததை ஆய்வாளர்கள் பல தசாப்தங்கள் தொடர்ந்து படித்து நிறுவினார்கள். அவர்களால் அது முடிந்தது, யார் எப்போது எங்கே பசியிருந்தார் என்ற பதிவுகள் கையில் இருந்ததால்தான். எங்களிடம் அப்படி ஒரு பதிவு வேண்டாமா என்பது எனது கேள்வி. 2009இல் வன்னியில் கருவிலும் கைக்குழந்தையாகவும் இருந்தவர்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து பார்ப்பதும், தாய்மாரிடம் கேட்டு எழுதிவைப்பதும் நினைவுகூரலின் ஒரு பகுதியாக இருக்கவேண்டும்.

வில்லியம்ஸ் அறுபது வயது தாண்டியும் ஓயவில்லை. 1950களின் தொடக்கத்தில் பிறந்த தீவுக்குப் போய், ஜமெய்க்காவில் பிள்ளைகளைக் கொன்ற வாந்தி நோய் பற்றிய ஆய்வை நடத்தினார். 1960களின் முற்பகுதியில் பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் தாய் சேய் நலம் படிப்பித்தார். எழுபது வயதுக்குப் பிறகும் நாடு நாடாகப் போய் விரிவுரை செய்தார். 1992 ஜூலை 13இல் ஒக்ஸ்போர்டில் காலமானார். வயது 98.

அவர் கண்டுபிடித்த நோய்க்கு இப்போது கடும் மந்தபோசணை என்ற பொதுப் பெயரைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். சிகிச்சைக்கு அது வசதி. ஆனாலும் பழைய பெயரை விட்டுவிடக்கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது. மந்தபோசணை என்றால் பிள்ளையிடம் ஏதோ குறைவு என்று மட்டும் கேட்கிறது. மடியிலிருந்து இறக்கிவிடப்பட்ட பிள்ளை என்றால், இறக்கியது எது என்ற கேள்வி கூடவே வருகிறது. அது அடுத்த பிரசவமாக இருக்கலாம், பால்மா வியாபாரமாக இருக்கலாம், உணவு லொறியை மறித்த ஒரு கட்டளையாகவும் இருக்கலாம்.